புதன்கிழமையின் ஊர்

மார்க்கெட் டிரேட்டனுக்கு ரயில் கிடையாது. 1863-இல் வந்தது, சரியாக நூறு வருஷம் ஓடியது, 1963-இல் பயணிகள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். சரக்கு வண்டி அதற்கப்புறம் நாலு வருஷம் தாக்குப்பிடித்தது, அவ்வளவுதான். இன்றைக்குப் போக வேண்டுமானால் ஷ்ரூஸ்பரியிலிருந்து பஸ் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சொந்தக் கார். இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், டெர்ன் என்ற சிற்றாற்றின் மேட்டுக்கரையில் உட்கார்ந்திருக்கிற ஊர். மக்கள்தொகை 12,000 சொச்சம். இங்கிலாந்தில் பலருக்கு இந்தப் பெயரே தெரியாது. தெரிந்தவர்களைக் கேட்டால் "தயிர் கம்பெனி இருக்கிற ஊர்தானே?" என்பார்கள். முல்லர் நிறுவனத்தின் பெரிய தயிர்த் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது.

நான் ஆற்காட்டுக்காரன். அதனால் இந்த ஊரோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் புதன்கிழமையைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

1245-ஆம் ஆண்டு, மூன்றாம் ஹென்றி மன்னர் காலத்தில், வடக்கே சில மைல் தள்ளியிருந்த காம்பர்மியர் மடத்துத் தலைவருக்கு ஓர் உரிமைப் பட்டயம் கொடுக்கப்பட்டது. டிரேட்டனில் வாரந்தோறும் புதன்கிழமை சந்தை கூட்டிக்கொள்ளலாம், வருஷத்துக்கு ஒரு தடவை பெருஞ்சந்தையும் நடத்திக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். அந்த நூற்றாண்டில் இங்கிலாந்து முழுக்க இப்படிப் பட்டயம் வாங்கப் பெரிய போட்டி. நிலம் வைத்திருந்த பிரபுக்களும் மடாதிபதிகளும் மன்னருக்குப் பணம் கட்டிச் சந்தை உரிமை வாங்கினார்கள். வாங்கியபின் கடை போடுகிறவனிடம் தரைவாடகை, உள்ளே வரும் சரக்குக்குச் சுங்கம், எடை குறைத்தவனுக்கு அபராதம் என்று போட்ட பணத்தை எடுத்தார்கள். துறவிகளுக்கு ஜெபத்தோடு சேர்த்து இந்தக் கணக்கும் நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்தக் காலத்துச் சட்ட நூல் ஒன்றில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விதி இருக்கிறது. பிராக்டன் என்ற நீதிபதியின் பெயரால் வழங்கும் நூல். ஒரு சந்தைக்கும் இன்னொரு சந்தைக்கும் இடையில் ஆறே முக்கால் மைலுக்குக் கொஞ்சம் குறைவாக, துல்லியமாகச் சொன்னால் ஆறு மைலும் ஒரு மைலில் மூன்றில் இரண்டு பங்கும், இடைவெளி இருக்க வேண்டும் என்கிறது அது. ஏன் இந்த விநோதக் கணக்கு? ஒரு மனிதன் ஒரு நாளில் 20 மைல் நடப்பான். நாளை மூன்றாகப் பிரி. ஒரு பங்கு சந்தைக்குப் போக, ஒரு பங்கு விற்க வாங்க, ஒரு பங்கு இருட்டுவதற்குள் வீடு திரும்ப. இருபதை மூன்றால் வகுத்தால் அந்த எண் வந்துவிடும். இங்கிலாந்தின் வரைபடத்தில் சிற்றூர்கள் இவ்வளவு சீரான இடைவெளியில் ஏன் தெளித்துக் கிடக்கின்றன என்ற கேள்விக்கு, கூடை சுமந்த ஒரு குடியானவனின் கால்தான் பாதிப் பதில். விதியை எல்லோரும் மதித்தார்கள் என்று இல்லை. பக்கத்து ஊர்ச் சந்தை நம் சந்தையைக் கெடுக்கிறது என்று வழக்குப் போட அது ஒரு கருவியாகவும் பயன்பட்டது.

பட்டயம் வாங்கிய ஊர்களில் எத்தனையோ கொஞ்ச காலத்திலேயே சந்தையை இழந்துவிட்டன. டிரேட்டனில் கூட்டமும் வந்தது, பெயருக்கு முன்னால் "மார்க்கெட்" என்பதும் ஒட்டிக்கொண்டது. பட்டயம் வாங்கிய மடம் 1538-இல் எட்டாம் ஹென்றியின் கையால் கலைக்கப்பட்டுவிட்டது. சந்தை இன்னும் புதன்கிழமையே கூடுகிறது.

செஷயர் வீதியில் புதன் காலை போய் நின்றால் பெரிய அழகு ஒன்றும் கண்ணில் படாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சுற்றுலாப் பிரசுரங்களில் வரும் இங்கிலாந்து வேறு. இங்கே தார்ப்பாய்க் கூரை போட்ட கடைகள். காலுறை மூன்று ஜோடி ஒரு விலை, செல்போன் உறை, நாய்க்கு எலும்பு, தொட்டிச் செடி, முட்டைக்கோஸ். பாலாடைக்கட்டிக் கடையில் நிற்கும் அம்மாள் எல்லோரையும் "டக்" என்றுதான் கூப்பிடுவார். பக்கத்து ஸ்டோக் பக்கத்து வழக்கம் அது, வாத்து என்று கோபித்துக்கொள்ளக் கூடாது. "என்ன டக், செஷயர் வேணுமா? நல்லா உதிரும்" என்று கத்தி முனையில் ஒரு துணுக்கு நீட்டுவார். வட ஷ்ராப்ஷயர் முழுக்கப் பால்மாட்டு நிலம். பக்கத்து மாவட்டமான செஷயரின் பெயர் தாங்கிய பாலாடைக்கட்டி எல்லை தாண்டி இங்கேயும் காலங்காலமாகச் செய்யப்படுகிறது. ஆரஞ்சு நிறத்தில் நீலப் பூசணம் ஓடும் "ஷ்ராப்ஷயர் புளூ" வேறு கதை. அதை முதலில் செய்தது 1970களில், ஸ்காட்லாந்தில். ஷ்ராப்ஷயருக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை. சந்தையில் இதைச் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் ரசிக்கவில்லை.

கால்நடைச் சந்தை ஊருக்கு வெளியே, ஆடர்லி சாலையில். வட்டமான அடைப்புக்குள் மாட்டை ஒரு சுற்றுச் சுற்ற விடுவார்கள். மேடையில் ஏலக்காரர் மூச்சே விடாமல் எண்களை உருட்டிக்கொண்டிருப்பார். வாங்குகிறவர்கள் கம்பியில் சாய்ந்துகொண்டு சும்மா வேடிக்கை பார்ப்பதுபோல இருப்பார்கள். ஒருவரும் கை தூக்குவதில்லை. ஒருவர் தொப்பி நுனியைத் தொடுகிறார், இன்னொருவர் கையிலிருக்கும் காகிதத்தை லேசாக அசைக்கிறார். சட்டென்று சுத்தியல் விழுகிறது, மாடு மறுபக்கக் கதவு வழியாக வெளியே போகிறது, வாங்கியது யார் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஏலக்காரருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

ஊரின் நடுவில் பட்டர்கிராஸ் என்ற தூண் மண்டபம் இருக்கிறது. பண்ணைப் பெண்கள் வெண்ணெயும் முட்டையும் வைத்து விற்ற நிழல் அது. அதன் உச்சியில் ஒரு மணி. 1651-இல் ஒரு ரொட்டிக்கடையில் பிடித்த தீ, மரச்சட்ட வீடுகளை ஒன்றுவிடாமல் தாவி, ஊரில் கிட்டத்தட்ட 70 சதவீதத்தைத் தின்றுவிட்டது. இன்னொரு தீ வந்தால் அடிப்பதற்கென்றே அந்த மணி என்கிறார்கள். இப்போது தீயணைப்பு நிலையம் உண்டு, எல்லோர் பையிலும் போன் உண்டு. மணியைக் கழற்ற யாருக்கும் மனசில்லை. தீக்குப் பிறகு அவசரமாகக் கட்டிய கறுப்புவெள்ளை மரச்சட்ட வீடுகள்தான் இன்று ஊரின் அழகு. ஷ்ராப்ஷயர் வீதியில் சாண்ட்புரூக் வால்ட்ஸ் என்ற மதுக்கடையைப் பாருங்கள், 1653-இல் எழுந்தது. தீப்பிடித்த ஊர் மறுபடியும் மரத்திலேயே கட்டிக்கொண்டது எனக்கு வியப்புதான். கையில் இருந்தது மரம், வேலை தெரிந்தது தச்சனுக்கு, வாரா வாரம் புதன்கிழமை வந்துகொண்டிருந்தது. வேறென்ன செய்வார்கள்?

இனி என் பழைய கணக்கு.

ராபர்ட் கிளைவ் 1725 செப்டம்பர் 29-இல், ஊருக்கு மேற்கே மோர்ட்டன் சே கிராமத்தை ஒட்டிய ஸ்டைச் மாளிகையில் பிறந்தார். கொஞ்சகாலம் டிரேட்டன் பள்ளியில் படித்தார். அந்தப் பள்ளியைத் தொடங்கி வைத்தவர் லண்டன் மேயராக இருந்த ரோலண்ட் ஹில், 1555-இல். மாதா கோவிலுக்குப் பக்கத்திலேயே பழைய பள்ளிக் கட்டடம் இன்னும் நிற்கிறது. பையனைப் பற்றி ஊரில் இரண்டு கதைகள். ஒன்று, செயின்ட் மேரி கோவில் கோபுரத்தில் ஏறி, தண்ணீர் வடிய வைத்த கல் பூதத்தின் மேல் குதிரை ஏறினாற்போல உட்கார்ந்துகொண்டான் என்பது. இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். கூட்டாளிப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு கடைவீதிக்காரர்களிடம் மாமூல் வாங்கினானாம். காசோ ஆப்பிளோ கொடுத்தால் ஜன்னல் கண்ணாடி பத்திரம், கொடுக்காதவன் கண்ணாடி உடையும். அடம்பிடித்த ஒரு கடைக்காரருக்காகத் தெருச் சாக்கடையை அடைத்து, தண்ணீரைக் கடைக்குள் திருப்பிவிட்டான் என்றும் சொல்வார்கள். உண்மையில் நடந்ததா, பிற்காலத்தில் நடந்ததைப் பார்த்து முன்னால் ஒட்டிவைத்ததா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாதுகாப்புக்குக் கூலி வாங்கி, கூலி கொடுக்காதவன் கதவை உடைத்து, கடைசியில் கடையையே எழுதி வாங்கிக்கொள்வதுதான் கிழக்கிந்தியக் கம்பெனி நவாபுகளிடம் நடத்திய தொழில். அதற்கு இவ்வளவு பொருத்தமான பால்ய கதை தானாக அமைந்துவிடுமா என்ன?

17 வயதில் வீட்டார் பையனைக் கம்பெனி எழுத்தராகக் கப்பலேற்றினார்கள். வருஷச் சம்பளம் 5 பவுண்டு. 1744-இல் சென்னைக் கரையில் இறங்கினார். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது வேஷம் மாற்றிக்கொண்டு கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்குத் தப்பினார். 1751-இல் சுமார் 500 பேரோடு எங்கள் ஆற்காட்டுக்கு வந்தார். வெள்ளைச் சிப்பாய் 200, நம் ஆட்கள் 300. நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பின் மகன் ரஜா சாகிப் முற்றுகையிட, 50 நாள் கோட்டைக்குள் அடைந்து கிடந்து தாக்குப்பிடித்தார். சோறு குறைந்தபோது நம் சிப்பாய்கள், "சோற்றைத் துரைமார்களுக்குக் கொடுத்துவிடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும்" என்று சொன்னதாக ஆங்கில வரலாறுகளில் ஒரு கதை வரும். விசுவாசத்துக்கு உதாரணமாக அதைச் சொல்வார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்த 300 பேரில் கஞ்சி குடித்தவர் பெயர் ஒன்றும் அந்தக் கதையில் இல்லை. ஆற்காட்டில் டெல்லி கேட் இன்னும் நிற்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது கிளைவ் அறை இருக்கிற வாசல்.

1753-இல் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்தில் மார்கரெட் மாஸ்கெலினைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் கோவிலும் செயின்ட் மேரிதான். கோபுரம் ஏறினது ஒரு மேரி, கல்யாணம் நடந்தது இன்னொரு மேரி. இரண்டுக்குள்ளும் நான் நின்றிருக்கிறேன். டிரேட்டன் கோவிலில் பூச்சாடிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எந்த ஊர் என்று கேட்டார். ஆற்காடு என்றேன். "எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதே" என்றார். கிளைவ் என்று எடுத்துக்கொடுத்தேன். "ஓ, அவனா! வெளியே வாருங்கள், அவன் உட்கார்ந்த பூதத்தைக் காட்டுகிறேன்" என்று மழையில் இழுத்துக்கொண்டு போனார். கோபுரத்தின் மேல் மூலையில் வாய் பிளந்த கல் முகம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். அங்கே ஒரு பையன் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான் என்றால் துணிச்சலை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். "அவன் கீழே விழுந்திருந்தால் உங்களுக்கெல்லாம் நல்லதாகப் போயிருக்கும், இல்லையா?" என்று அந்த அம்மையாரே கேட்டார். அவன் இல்லாவிட்டால் கம்பெனி வேறொருவனை அனுப்பியிருக்கும் என்றேன். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் பூவைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஊர் அவரை மறக்கவும் இல்லை, தூக்கிக் கொண்டாடவும் இல்லை. சிலை ஷ்ரூஸ்பரியில் இருக்கிறது, 1860-இல் வைத்தது. 2020-இல் அதை எடுக்கச் சொல்லி மனுக்கள் போனபோது கவுன்சில் இருக்கட்டும் என்று முடிவு செய்தது. டெர்ன் ஹில்லில் இருக்கும் ராணுவ முகாமுக்கு கிளைவ் பாரக்ஸ் என்று பெயர். ஸ்டைச் மாளிகையை இந்தியப் பணத்தில் இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். அவரோ 1774-இல், 49 வயதில், லண்டன் வீட்டில் இறந்தார். தன்னைத்தானே முடித்துக்கொண்டார் என்றே பலரும் நம்பினார்கள். மோர்ட்டன் சே கிராமத்துக் கோவிலில் புதைத்தார்கள். எந்த இடம் என்று அடையாளம் வைக்கவில்லை. சுவரில் ஒரு பலகை மட்டும், "இந்தியாவில் முதல்வன்" என்று லத்தீனில்.

இதில் எனக்குச் சிரிப்பு மூட்டுவது, மாவுக்குள் கறி வைத்துச் சுடும் "பை" (pie) என்ற பண்டத்தின் விவகாரம். 1768-இல் உடம்பு தேற்றிக்கொள்ள கிளைவ் தென்பிரான்சில் பெஸெனா என்ற ஊரில் போய்த் தங்கினார். கூடப்போன இந்தியச் சமையல்காரர்கள் செய்துகாட்டிய ஒரு பண்டத்தை அந்த ஊர் ரொட்டிக்காரர்கள் கற்றுக்கொண்டார்களாம். நூல்கண்டு வடிவத்தில் சின்னதாக ஒரு "பை". உள்ளே ஆட்டுக்கறி, நாட்டுச்சர்க்கரை, எலுமிச்சைத் தோல். இன்றும் அது பெஸெனாவின் அடையாளப் பலகாரம். அந்த ஊரும் மார்க்கெட் டிரேட்டனும் இப்போது சகோதர ஊர்கள். டிரேட்டனில் ஒரு மதுக்கடை கிளைவ் பெயரையும் அந்தப் பண்டத்தையும் சேர்த்துப் பலகை எழுதிக்கொண்டது. சண்டை, கொள்ளை, பட்டம், பாராளுமன்ற விசாரணை எல்லாம் போய், ஊருக்கு ஊர் உறவாக மிஞ்சியது பெயர் தெரியாத ஒரு சமையல்காரரின் கைப்பக்குவம். ஆட்டுக்கறியில் சர்க்கரை போட்டதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஊர் எல்லைப் பலகையில் டிரேட்டன் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதும் ஒரு தின்பண்டத்தால்தான்: "ஜிஞ்சர்பிரெட்டின் தாயகம்". 1793-இல் இங்கே ஒரு மால்ட் வியாபாரி அதைச் செய்ததாகப் பதிவு இருக்கிறது. பில்லிங்டன் என்ற பெயரில் வரும் வகைக்கு 1817 என்று வருஷம் போடுகிறார்கள். மனித உருவில் வெட்டிய பொம்மை பிஸ்கட் இல்லை இது. விரல் நீளத்தில், மேலே வரிவரியாகக் கோடு ஓடும் பழுப்புக் குச்சி. கடித்தால் உடைகிற சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். முதலில் வெல்லப்பாகு, பிறகு இஞ்சி, அது தொண்டைக்கு இறங்கும்போது லேசாக ரம். போர்ட் ஒயினில் தோய்த்துத் தின்பதுதான் ஊர் முறை. டீயில் தோய்த்தேன், பாதகமில்லை. அன்றைய இங்கிலாந்துக்கு இஞ்சி பெரும்பாலும் ஜமைக்காவிலிருந்துதான் வந்தது, சர்க்கரையும் ரம்மும் அதே கரீபியத் தீவுகளின் அடிமைத் தோட்டங்களிலிருந்து. கடற்கரையே இல்லாத ஒரு மாவட்டத்தின் புதன் சந்தையில், சம்பிரதாயப் பலகாரத்தின் பாதிச் சாமான் கப்பலில் வந்தது.

ஊரை ஒட்டி ஓடும் கால்வாயைப் பற்றி ஒரு வார்த்தை. பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் கடைசிப் பெரிய வேலை இது. அவர் 1834-இல் இறந்தார், 1835-இல் படகு ஓடியது. ஊருக்குத் தெற்கே மணற்பாறையைச் செங்குத்தாக வெட்டி வழி விட்டிருக்கிறார்கள். வெயில் எட்டாமல் பாறையெல்லாம் பாசியும் பெரணியும். டயர்லியில் படகை ஏற்றி இறக்கும் ஐந்து மதகுப்பூட்டுகள், படிபோல ஒன்றன்கீழ் ஒன்று. சரக்கு ரயிலுக்கு மாறியது, ரயில் லாரிக்குத் தோற்றது, இப்போது கால்வாயில் விடுமுறைப் படகுகள்.

சந்தை இளைத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். சூப்பர்மார்க்கெட் வந்தபின் முட்டைக்கோஸ் வாங்கப் புதன்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய ஆட்கள் வாங்குவதைவிட ஒருவரையொருவர் பார்த்துப் பேசத்தான் வருகிறார்கள் என்று எனக்குப் பட்டது. ஆனாலும் இந்த ஊருக்கு இன்னும் சந்தைப் புத்தி போகவில்லை. அதற்குச் சாட்சியாக எனக்குத் தெரிவது கோபுரமோ மணியோ இல்லை, ஊருக்குச் சற்று வெளியே இருக்கும் ஃபோர்ட்ஹால் பண்ணை.

ஆர்தர் ஹாலின்ஸ் என்ற குத்தகை விவசாயி இரண்டாம் உலகப் போருக்குப் பின்னால் ரசாயன உரத்தைக் கைவிட்டு, புல்லையும் மாட்டையும் நம்பிப் பண்ணையம் பார்த்தவர். 1950களிலேயே தயிர் செய்து விற்றவர். தயிர்த் தொழிற்சாலை வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்த ஊரில் தயிர் இருந்தது. அவர் கடைசிக் காலத்தில் நிலத்தைக் காலி செய்யச் சொல்லி நெருக்கடி வந்தது. இருபதுகளைத் தொட்டும் தொடாமலும் இருந்த அவருடைய பிள்ளைகள் ஷார்லட்டும் பென்னும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நிலத்தை விலைக்கு வாங்க 8 லட்சம் பவுண்டு வேண்டும். பங்கு ஒன்று 50 பவுண்டு என்று போட்டு ஊர் உலகத்திடம் விற்றார்கள். சுமார் 8,000 பேர் வாங்கினார்கள். 2006-இல் நிலம் கைக்கு வந்தது, இங்கிலாந்தில் பொதுமக்களே சொந்தம் கொண்டாடும் முதல் பண்ணையாக.

1763-இல் கம்பெனி இயக்குநர் தேர்தலில் எதிராளிகளைத் தோற்கடிக்க, கிளைவ் ஒரு லட்சம் பவுண்டுக்குக் கம்பெனிப் பங்கு வாங்கினார். 500 பவுண்டுக்கு ஓர் ஓட்டு என்பது விதி. பங்குகளைத் தன் ஆட்களின் பெயரில் பிரித்து எழுதி ஓட்டைப் பெருக்கினார். அப்படியும் அந்தத் தடவை தோற்றார். ஃபோர்ட்ஹால் பங்கில் அந்த வேலை நடக்காது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான், லாபப் பங்கும் கிடையாது. பண்ணைக் கடையில் மாட்டிறைச்சி, பன்றிக்கறி, ஆட்டுக்கறி எல்லாம் கிடைக்கிறது. கடைசியாகப் போனபோது ஆட்டுக்கால் வாங்கி வந்தேன், மிளகும் சீரகமும் அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தோம்.